வளாகத்துக்குள் ஓடும் வலை

திண்டுக்கல்–மதுரை சாலையில், சின்னாளபட்டி அருகே உள்ள காந்திகிராம கிராமியக் கல்வி நிறுவனம் 1956இல் தொடங்கப்பட்டு, 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. இதுபோன்ற இந்தியப் பல்கலைக்கழகங்களை அதிவேக இணையத்தில் இணைக்க, 2010இல் மத்திய அரசு தேசிய அறிவுசார் வலையமைப்புக்கு ஒப்புதல் அளித்தது. ஆனால் அதிகம் பாடுபட வேண்டிய வேலை ஒவ்வொரு வளாகத்துக்கும் உள்ளேதான் இருக்கிறது.

ஒவ்வொரு கட்டடத்திலும் கண்ணாடி இழைக் கேபிள் ஒரு சுவிட்சில் வந்து சேரும். அங்கிருந்து அறைகளுக்கு வயர் பிரியும். விடுதி, ஆய்வகம், அலுவலகம் ஆகியவற்றின் வலைகளைத் தனித்தனியே பிரிப்பது மிக முக்கியம். அப்போதுதான் மாணவரின் மடிக்கணினியில் புகுந்த வைரஸ் தேர்வுப் பிரிவின் சர்வர்வரை எளிதில் பரவாது. மின்தடையைச் சமாளிக்க யுபிஎஸ் வேண்டும். அதன் பேட்டரியைத் தவறாமல் சோதிக்க வேண்டும். மதிப்பெண் பதிவுகளுக்கு இன்னொரு கட்டடத்திலும் நகல் இருக்க வேண்டும். அந்த நகலிலிருந்து தரவை மீட்க முடிகிறதா என்றும் அவ்வப்போது பார்க்க வேண்டும்.