காலண்டர் அட்டையும் ஜாங்கோவும்

“பைகான்னு ஏதோ மாநாடாம், தம்பி. மக போகணுங்கிறா. எல்லாந்தான் யூடியூப்லயே வருதாமே, அப்புறம் எதுக்கு அம்புட்டு தூரம்?”

சிவகாசியில் முப்பது வருடமாக ஆப்செட் மெஷின் ஓட்டும் அண்ணாச்சி, விருதுநகர் டீக்கடையில் கேட்டார். நியாயமான கேள்வி. இரண்டாவது டீ சொல்லிவிட்டு, அவருக்குத் தெரிந்த இடத்திலிருந்தே ஆரம்பித்தேன்.

தினசரி காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள், அண்ணாச்சி. ஆடிப்பெருக்கன்று ஆல்பம் வருகிறது. ஜவுளிக்கடைக்காரர் முருகன் படத்தை வரையச் சொல்வதில்லை. ராகுகாலமும் முகூர்த்தமும் அவர் கணிப்பதில்லை. ஆல்பத்தைப் புரட்டி ஒன்றைக் காட்டுகிறார், நீங்கள் அவர் கடைப்பெயரை அடித்துத் தருகிறீர்கள். இணையத்தில் ஒரு செயலி செய்பவருக்கு, பெயர் மட்டும் அடிக்கக் காத்திருக்கும் அந்த அட்டைதான் சட்டகம், அதாவது ஃபிரேம்வொர்க். வாடிக்கையாளர் உள்ளே நுழைவது, கடவுச்சொல்லைப் பத்திரமாக வைப்பது, படிவத்தில் எவனாவது விஷமமாக எழுதித் தரவுகளைக் கெடுக்காமல் காப்பது எல்லாம் அதில் முன்பே இருக்கும். நம் கடைக்கு மட்டும் உரியதை நாம் எழுதினால் போதும்.

பைத்தான் என்ற நிரல்மொழியில் அப்படி ஒரு சட்டகம் ஜாங்கோ. அது பிறந்த இடம் உங்களுக்குப் பிடிக்கும்: அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் என்ற ஊரில் ஒரு செய்தித்தாள் அலுவலகம். அங்கே வேலை பார்த்த ஏட்ரியன் ஹோலோவாட்டியும் சைமன் வில்லிசனும் 2003இல் அதைத் தொடங்கினார்கள். இன்று கேட்டதை நாளைக்குள் தளத்தில் ஏற்ற வேண்டிய அவசரம் அவர்களுக்கு. 2005இல் எல்லோரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டார்கள்.

“சரி, மாநாடு?”

ரிஜிஸ்டர் விலகி, நீலம் ஒரு பக்கம் சிவப்பு ஒரு பக்கம் விழுந்தபோது புத்தகத்தைப் பார்த்தா சரிசெய்தீர்கள் என்று கேட்டேன். இல்லை என்று அவர் தலையை ஆட்டினார். ஐப்பசி மழையில் பேப்பர் ஈரம் இழுத்து விரிந்திருக்கிறது என்று பக்கத்து மெஷின்காரர்தான் சொன்னாராம்.

எனக்கும் அப்படி ஒருவர் தேவைப்பட்டார். சொந்தக்காரர் பட்டாசுக் கடைக்கு நான் ஒரு செயலி செய்து கொடுத்திருந்தேன். இணைய வணிகத் தளங்கள் பட்டாசு விற்கக் கூடாது என்று 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருந்ததால், அதில் விலைப்பட்டியல் மட்டும்தான். கம்பி மத்தாப்பு எத்தனை, புஸ்வாணம் எத்தனை என்று போட்டால் உத்தேசத் தொகை வரும். அவ்வளவு எளிய வேலை, ஆனாலும் தீபாவளி நெருங்கினால் செயலி முடங்கிவிடும்.

பெங்களூரில் 2009இல் தொடங்கிய பைகான் இந்தியா, அதாவது பைத்தான்காரர்கள் கூடும் மாநாடு, 2019 அக்டோபரில் சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்கு வந்தது. தீபாவளிக்குப் பதினைந்து நாள் இருந்தது. போனேன். மேடைப் பேச்சுகளும் நன்றாகத்தான் இருந்தன. அவற்றின் வீடியோவை வீட்டிலும் பார்க்கலாம். எனக்குப் பதில் கிடைத்தது வெளியே, டீ வரிசையில். முன்னால் நின்ற முகந்தெரியாத ஒருவரிடம் செயலி முடங்குவதைச் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “விலை எல்லாருக்கும் ஒண்ணுதானே? ஏன் ஒவ்வொருத்தருக்கும் புதுசா தரவுத்தளத்தைக் கேக்கறீங்க?”

அண்ணாச்சி டம்ளரைக் கீழே வைத்தார். “அதாவது, ஒவ்வொரு பிரதிக்கும் புது பிளேட் போட்டிருக்கீங்க.”

அதேதான். ஒரு முறை தயாரித்த பக்கத்தை எடுத்து வைத்து எல்லோருக்கும் அதையே காட்டும் வசதிக்கு கேஷ் என்று பெயர். அது ஜாங்கோவிலேயே இருந்தது. அதன் விளக்கத்தை நான் படித்தும் இருந்தேன். என் நோய்க்கு அதுதான் மருந்து என்று எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை. ஊர் திரும்பி நாலைந்து வரி சேர்த்தேன். அந்தத் தீபாவளிக்குச் செயலி முடங்கவில்லை.

மாணவர்களுக்குச் செலவுக்கு உதவி கேட்டு விண்ணப்பிக்கவும் வழி உண்டு, முன்கூட்டியே கேட்க வேண்டும் என்றேன். அண்ணாச்சி அதற்குள் போனை எடுத்திருந்தார்.

“எம்மா, நீ செய்யிற புரோகிராம்ல எந்த இடம் உதைக்குது? அதை மொதல்ல ஒரு பேப்பர்ல எழுதி வை.”