தரிசென்று ஒரு நிலம் உண்டோ?

ஊருக்கு வெளியே பரந்த வெளியொன்று கிடக்கிறது. அதில் பயிரில்லை, வீடில்லை, வேலியும் இல்லை. அதனைக் கண்ட ஒருவர், "இவ்விடம் வீணே கிடக்கின்றதே, இங்கே கடைத்தெருவோ, மனைப்பிரிவோ, தொழிற்சாலையோ அமைந்தால் ஊர் செழிக்குமே" என்கிறார். மற்றொருவர், "வீணே கிடக்கின்றதென்று எங்ஙனம் கூறுகின்றீர்? கார்த்திகை மாதத்தில் வந்து பாரும்" என்று விடையிறுக்கிறார். நகரங்கள் வளர்ந்துவரும் இந்நாளில், அவற்றின் புறஞ்சேரிகள்தோறும் நிகழ்ந்துவரும் வாதம் இதுவேயாகும். இவ்விருவருள் எவர் கூற்று உண்மை என்பதை ஆராய்தலே நமது நோக்கம்.

மேலநீலிதநல்லூரில் இருக்கும் நமக்கு இவ்வாதத்தால் ஆவது என்னை என்று சிலர் வினவக்கூடும். நம்முடைய வட்டாரம் மழை மறைவுப் பிரதேசம். மானாவாரிப் புஞ்சையும், வடகிழக்குப் பருவமழையை நம்பிய குளங்களும், ஆடு மேயும் வெளிகளுமே இங்கு மிகுதி. ஆயினும், நம் ஊர்ப்பக்கத்து இளைஞர் பலர் கல்வி முடித்துப் பிழைப்புத் தேடிச் செல்லுமிடம் சென்னை மாநகர். அங்கும் குறிப்பாக அவர்கள் வேலை பார்ப்பதும் குடியிருப்பதும் வேளச்சேரி, பெருங்குடி, சோழிங்கநல்லூர், பெரும்பாக்கம் முதலிய தென்புறப் பகுதிகளிலேயாம். அப்பகுதிகளின் நடுவே கிடக்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைக் குறித்து எழுந்த வழக்கே இவ்வாதத்துக்கு இந்நாளில் தலைசிறந்த எடுத்துக்காட்டு. ஆகையால் அதனையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

அதற்கு முன் ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். 'தரிசு' என்பதும் 'புறம்போக்கு' என்பதும் நாம் நாடோறும் வழங்கும் சொற்கள். இவை நிலத்தின் இயல்பைக் காட்டும் சொற்கள் என்று பலரும் கருதுகின்றனர். அங்ஙனமன்று. இவை வரிக்கணக்கின் சொற்கள். எந்நிலம் சர்க்காருக்குத் தீர்வை செலுத்தும் கணக்கிற்குப் புறம்பே நின்றதோ, அது புறம்போக்கு எனப் பெயர் பெற்றது. தீர்வை விதிக்கப்பட்டும் சாகுபடியின்றிக் கிடந்த நிலம் தீர்வை ஏற்பட்ட தரிசு. தீர்வையே விதிக்கப்படாதது தீர்வை ஏற்படாத தரிசு. கணக்குப் பார்ப்பவர் அந்நிலத்தினின்று வரும் பணத்தை எண்ணினாரேயன்றி, அது செய்யும் வேலையை எண்ணினாரில்லை. ஓடையும், குளத்தின் நீர்ப்பிடிப்பும், மந்தைவெளியும், சதுப்பும் வருமானமற்றவையாக ஏட்டில் ஏறின. வருமானமற்றது என்பது நாளடைவில் பயனற்றது என்று பொருள்படலாயிற்று. பெரும்பிழை இங்கேதான் தொடங்கிற்று.

இனிப் பள்ளிக்கரணையின் தன்மையைக் காண்போம். சென்னைக்குத் தெற்கே, தாம்பரம் முதலிய மேட்டுப்பகுதிகளுக்கும் கடலுக்கும் இடையே தாழ்ந்து கிடக்கும் நிலம் அது. அதனைச் சூழச் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை, ஊர்தோறுமுள்ள ஏரிகளில் ஒன்று நிரம்பி மற்றொன்றிற் பாய்ந்து, முடிவில் இச்சதுப்பை வந்தடைகிறது. சதுப்பானது அந்நீரைப் பரப்பி, வேகத்தைத் தணித்து, ஒரு பகுதியை நிலத்தினுள் இறக்கி, எஞ்சியதை ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கு விடுகிறது. அங்கிருந்து அது கோவளத்து முகத்துவாரத்திற் கடலோடு கலக்கிறது. உள்ளே வரும் வழிகள் பல. வெளியே செல்லும் வழியோ ஒன்றேயாம். ஆதலின் இடையில் நீர் தங்கி நிற்பதற்கு விரிந்த இடம் இன்றியமையாதது. அவ்விடமே சதுப்பு. நம் வீட்டு முற்றத்தில் மழைநீர் சிறிது நேரம் தேங்கி வடிவது போல, ஒரு பெருநகரின் முற்றமாக அது இருந்துவந்தது. கோடையில் அது வறண்ட வெளியாகத் தோன்றும். அப்பொழுது பார்த்தவர், அது வேலையின்றிக் கிடப்பதாக எண்ணியதில் வியப்பில்லை.

இந்நிலம் சுருங்கிய வரலாறு நாம் அறியத்தக்கது. அறுபது ஆண்டுகளுக்கு முன் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த சதுப்பு, பின்னர்ப் பன்மடங்கு குறைந்தது. தனியார் மட்டுமே இதற்குக் காரணர் என்பது நேர்மையாகாது. மாநகரின் குப்பை பெருங்குடியில் மலையாகக் குவிக்கப்பட்டது. தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனமும் காற்றாற்றல் ஆராய்ச்சி நிலையமும் பள்ளிக்கரணையில் இடம் பெற்றன. சாலைகள் சதுப்பின் ஊடே சென்றன. 2007-ஆம் ஆண்டில் வேளச்சேரி வரை பறக்கும் ரயில் வந்தது. பழைய மாமல்லபுரம் சாலையில் கணினித் தொழிற்கூடங்கள் நிரை நிரையாக எழுந்தன. இவை யாவும் நாட்டுக்குத் தேவையானவையே. ஆயினும் ஒவ்வொன்றும், 'இத்துணைச் சிறிய இடத்தால் என்ன குறைந்துவிடும்?' என்ற எண்ணத்தோடு வந்து, எல்லாம் சேர்ந்து முற்றத்தை அடைத்துவிட்டன.

நீரோ தன் பழைய வழியை மறக்கவில்லை. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளில் பெருமழை பெய்தது. தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. தென்புறநகர் முழுவதும் வெள்ளக்காடாயிற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் பெரும்பாக்கத்திலும் ஜனங்கள் படகேறி வெளியேற நேர்ந்தது. அப்புயலின்போது, வேளச்சேரியில் கட்டட வேலைக்காகத் தோண்டியிருந்த ஆழ்ந்த பள்ளம் சரிந்து, அங்கே பணிபுரிந்த இருவர் உயிரிழந்தனர். வேலை தேடி நகரம் சென்ற நம் பிள்ளைகள் எத்தகைய நிலத்தின் மேல் நின்று பிழைக்கின்றனர் என்பதை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்தவேண்டும்.

இடையில் காப்பு முயற்சிகளும் நடவாமலில்லை. அங்கு வாழ்வோரும் இயற்கை ஆர்வலரும் பல்லாண்டுகள் முறையிட்டதன் பயனாக, 2007-ஆம் ஆண்டில் சதுப்பின் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டில் 1,247 ஹெக்டேர் பரப்பு, ராம்சர் உடன்படிக்கையின்படி உலகச் சிறப்புடைய ஈரநிலமாக ஏற்கப்பட்டது. ராம்சர் என்பது ஈரான் நாட்டில் உள்ள ஓர் ஊர். அங்கு 1971-ஆம் ஆண்டில் பல நாட்டார் கூடி ஈரநிலங்களைக் காக்க உடன்பட்டமையால் இப்பெயர் வழங்கலாயிற்று. பள்ளிக்கரணைக்கு வரும் பூநாரைகளும் கூழைக்கடாக்களும் இம்மதிப்பிற்குக் காரணமான உயிர்களிற் சில.

எனினும் வாதம் ஓயவில்லை. எல்லை எதுவென்று வரைபடத்திற் காட்டுவது ஒன்று. மண்ணில் அளந்து கல் நடுவது மற்றொன்று. 2025-ஆம் ஆண்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, அறிவியல் முறைப்படி ஆய்வு முடியும்வரை ராம்சர் எல்லைக்குள்ளும் அதனைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வரையிலும் புதிய கட்டட அநுமதி வழங்கலாகாது என்று பணித்தது. அவ்வாண்டு அக்டோபரில், பெரும்பாக்கத்தில் எழவிருந்த பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பொன்றின் வேலையைச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலமாகத் தடுத்தது.

இங்கே மறுபக்கத்தார் கூறுவதையும் செவிமடுத்தல் நடுவுநிலைமைக்கு அழகு. அவர்கள் கூறுவன மூன்று. முதலாவது, பட்டா நிலம் வைத்திருப்போர் பலர் சிறு குடும்பத்தார். ஆண்டுக்கணக்கில் சேர்த்த பொருளை ஒரு மனையில் இட்டவர். வங்கியில் கடன் பெற்று வீடு வாங்கியவர், வீடும் கைக்கு வாராமல் தவணையும் நில்லாமல் தவிக்கிறார். இரண்டாவது, பெருநகருக்கு வீடு வேண்டும், தொழில் வேண்டும். கட்டட வேலையால் பல்லாயிரம் கூலியாட்கள் உண்கின்றனர். மூன்றாவது, சர்க்கார் அலுவலகங்களே முன்பு அநுமதி வழங்கின. அவ்வநுமதியை நம்பியவர் மேல் பிற்காலத்தில் பழி சுமத்துதல் முறையோ?

இம்மூன்றும் வெறும் சாக்குகள் அல்ல. மூன்றாவது கேள்வி மிகவும் கூரியது. எல்லையைக் காலத்தே வரையாமல் விட்ட குற்றம் நம்பி வாங்கியவரைச் சார்வதன்று. அவர் இழப்பை ஈடுசெய்யும் வழி காணாமல் தடையொன்றை மட்டும் விதிப்பது அரைநீதியேயாகும். ஆயினும் இவற்றால் ஓர் உண்மை மாறுவதில்லை. அநுமதிச் சீட்டு நீரைத் தடுக்காது. தாழ்ந்த நிலத்தை மண்ணிட்டு உயர்த்தினால் அங்கு நின்ற நீர் அழிந்துபோவதில்லை; அடுத்த தெருவிற்குச் செல்கிறது. உயர்த்திக் கட்ட வல்லவர் வீட்டினின்று, உயர்த்த இயலாதவர் வீட்டினுள் அது புகுகிறது.

இதற்குச் சான்று தொலைவில் இல்லை. அடையாறு, கூவம் ஆகிய ஆற்றங்கரைகளில் குடியிருந்த எளியோர், அவ்விடம் வெள்ளத்துக்கு உரியதென்று கூறி அகற்றப்பட்டு, பெரும்பாக்கம், செம்மஞ்சேரி முதலிய இடங்களின் அடுக்குமாடிகளில் குடியேற்றப்பட்டனர். அவ்விடங்களும் வெள்ளம் சூழ்பவையே. ஒரு நீர்நிலையின் கரையினின்று மற்றொரு நீர்நிலையின் கரைக்கு அவர்கள் பெயர்க்கப்பட்டனர். தொழிலுக்கு அண்மையும் போயிற்று. வெள்ளத்துக்கு அச்சமும் நீங்கவில்லை. நிலத்தைப் பற்றிய வாதத்தில் எவர் பேச்சு மிகக் குறைவாகக் கேட்கப்படுகிறதோ, அவர் மேலேயே அதன் பயன் மிகுதியாக விழுகிறது.

இத்தகைய வாதம் நமக்கு மட்டும் உரியதன்று. இலண்டனை அடுத்த எப்பிங் வனத்தை நிலக்கிழார்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேலியிட்டு வளைத்தபோது, விறகு வெட்டும் தம் பழைய உரிமையை விடோம் என்று எளிய ஊரார் நின்றனர். இலண்டன் நகராண்மைக் கழகமும் வழக்காடிற்று. 1878-ஆம் ஆண்டில் அவ்வனம் பொதுமக்களுக்கு உரியதெனச் சட்டம் பிறந்தது. நம் நாட்டிலே கல்கத்தாவின் கிழக்கேயுள்ள ஈரநிலங்களை நிரப்பலாகாதென்று 1992-ஆம் ஆண்டில் அந்நகர உயர் நீதிமன்றம் தடுத்தது. நகரத்துக் கழிவுநீர் அங்குள்ள மீன் வளர்ப்புக் குளங்களிற் பாய்ந்து தெளிந்து, மீனாகவும் காய்கறியாகவும் நகருக்கே திரும்புகிறது. பணம் செலவிட்டுச் செய்யவேண்டிய வேலையை அந்நிலம் கூலியின்றிச் செய்கிறது என்பது அங்கே உணரப்பட்டது.

இனி நம் ஊருக்கு வருவோம். நெல்லை நகரின் புதிய பேருந்து நிலையம் வேய்ந்தான்குளத்து நிலத்தில் அமைந்தது. ஆகவே குளம் மனையாவது சென்னைக்கு மட்டும் உரிய செய்தியன்று. நம் பக்கத்திலும் சாலையோரத்துப் புஞ்சைகளில் மனைக்கல் நடப்படுகிறது. காற்றாலைக்கும் சூரிய ஒளி மின்நிலையத்துக்கும் இடம் கேட்டு வருகின்றனர். வானம் பார்த்த பூமியை வைத்துக்கொண்டு கடனில் உழலும் சம்சாரி, நல்ல விலை வந்தால் விற்கவே விரும்புவார். அவரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. எல்லா மாற்றமும் தீதென்று நாம் கூறவில்லை. மேட்டு நிலத்தில் தொழில் வருமாயின் நம் இளைஞர் ஊரை விட்டு ஓடவேண்டியதில்லை. எந்த இடத்தில் என்பதே கேள்வி.

அதனை முடிவு செய்ய மூன்று வினாக்கள் போதும் என்று தோன்றுகிறது. இவ்விடத்தில் பெய்யும் மழையும் இவ்வழியே வரும் நீரும் இனி எங்கே செல்லும்? பத்திரத்தில் பெயரில்லாமல் இந்நிலத்தால் உண்பவர் எவர்? ஆட்டுக்கிடை போடும் கீதாரியும், விறகு பொறுக்கும் மூதாட்டியும், குளத்துமீனை நம்பியவரும் இதிற் சேர்வர். இம்மாற்றம் தவறென்று பின்னர்த் தெரிந்தால் அதனைத் திருத்த முடியுமா. முடியாதாயின் அதன் இழப்பை எவர் தாங்குவார்? இம்மூன்றுக்கும் விடை கூற இயலாத திட்டம், எத்துணை அழகிய பெயர் பெற்றிருப்பினும், ஆராய்ந்து செய்த திட்டமாகாது.

சட்டமும் நமக்குத் துணையாக உண்டு. தமிழ்நாட்டில் 2007-ஆம் ஆண்டில் ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. கிராமப் பொதுநிலங்களை ஆக்கிரமித்தோரை அகற்றி அவற்றை ஊராருக்கே மீட்டளிக்க வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2011-ஆம் ஆண்டில் ஜக்பால் சிங் வழக்கில் மாநிலங்களைப் பணித்தது. ஆயின் சட்டம் ஏட்டில் இருப்பதால் மட்டும் குளம் நிரம்பாது. எது குளம், எது ஓடை, எது மந்தைவெளி என்று அறிந்த ஊரார் இருந்தால்தான் அது பயன்படும். பள்ளிக்கரணையில் நேர்ந்த துன்பமெல்லாம், எல்லை எதுவென்ற கேள்வியைக் காலந்தாழ்த்திக் கேட்டதனால் விளைந்ததே.

மாணவ நண்பர்களே, அக்கேள்வியை நம் ஊரில் இன்றே கேட்கலாம். நம் கிராமத்து 'அ' பதிவேட்டையும் புலப்படத்தையும் பாருங்கள். தரிசென்றும் புறம்போக்கென்றும் எழுதப்பட்ட ஒவ்வொரு புல எண்ணையும் குறித்துக்கொண்டு, மழை பெய்த மறுநாள் அவ்விடத்துக்கு நடந்து செல்லுங்கள். நீர் எவ்வழி வருகிறது, எவ்வளவு நாள் நிற்கிறது, எவர் வந்து பயன்கொள்கிறார் என்று எழுதிவையுங்கள். அக்குறிப்பைக் கிராமசபையில் எழுந்து வாசிக்க உங்களுக்கு உரிமை உண்டு. அவ்வாறு செய்தபின்பும் தரிசென்றே சொல்லத்தக்க நிலம் எஞ்சுமாயின், அங்கே கடையும் ஆலையும் மனமுவந்து கட்டுவோம்.