வாயில் காத்த ஆசிரியன்

பாரதத்துள் கொடுமை மிக்க நிகழ்ச்சி யாதென மாணாக்கரை வினவினால், பெரும்பாலோர் துகிலுரிதலையே சொல்வர்; அபிமன்யு வதத்தைச் சொல்வாரும் உளர். பதினெட்டாம் நாட்போர் முடிந்த அன்றிரவு நிகழ்ந்ததை நினைவுகூர்வார் மிகச் சிலரே. 18 பருவங்களுள் 10ஆவதாகிய சௌப்திக பருவம் அவ்விரவைக் கூறுவது. வில்லிபுத்தூராரும் தம் நூலை அப்பருவத்தோடு நிறுத்தினார். ஈண்டு வியாசர் கூற்றையே பின்பற்றுவோம்.

துரியோதனன் தொடை முறிந்து கிடக்கின்றான். அவன் பக்கத்தில் எஞ்சிய வீரர் அசுவத்தாமன், கிருபன், கிருதவர்மன் என்னும் மூவரே. ஆலமரத்தடியில் மற்றையிருவரும் துயில, அசுவத்தாமன் மட்டும் விழித்திருக்கின்றான். கிளைகளில் உறங்கிய காக்கைகளை ஒரு கூகை வந்து கொன்று குவிக்கின்றது. கூகைக்கும் காக்கைக்கும் உள்ள பகை வள்ளுவரும் அறிந்தது. கூகை தன் இயல்பிற் செய்தது. அதற்கு நியாயம் வேண்டியதில்லை. அதனைக் கண்டு வழி கற்றுக்கொண்ட மனிதனுக்கோ நியாயம் வேண்டியிருந்தது. தோழரை எழுப்பினான்.

கிருபன் அவனுக்குத் தாய்மாமன். இரு திறத்தார்க்கும் ஆசிரியனாய் இருந்தவன். உறங்குவாரைக் கொல்லுதல் அறமன்றென்றும், பெரியோரை உசாவுவோமென்றும், நாளைப் பகலிற் பொருவோமென்றும் பலபட எடுத்துரைத்தான். அசுவத்தாமன் மறுமொழி வலிது. படைக்கலம் துறந்திருந்த தந்தையைக் கொன்றது யார்? தேர்க்கால் புதைந்து நின்ற கன்னனை வீழ்த்தியது யார்? அறத்தின் அணையை உடைத்தவர் அவரே அல்லரோ? அடுத்த பிறவியிற் புழுவாய்ப் பிறப்பினும் அஞ்சேன் என்றான். அவன் அடுக்கிய குற்றங்களுள் ஒன்றேனும் பொய்யன்று. அதுதான் இடர்.

பாடத்தை நான் நிறுத்துவது இவ்விடத்தில். கிருபன் இனி என் செய்வான் என்று கேட்பேன். தடுப்பான் என்பர் சிலர். விலகிப் போவான் என்பர் சிலர். அவனோ மருகன் பின்னே சென்றான்.

பாசறையுட் புகுந்த அசுவத்தாமன் திட்டத்துய்மனைக் காலால் உதைத்து எழுப்பினான். படைக்கலத்தாற் கொல் என்று அவன் இரந்ததையும் மறுத்து, மிதித்தே கொன்றான். திரௌபதியின் மைந்தர் ஐவரும் மாண்டனர். சிவபிரான் அருளிய வாள் அவன் கையில் இருந்ததென்பர். தெய்வச் செயலென்று ஒதுக்கிவிட அது இடம் தரலாம். கிருபன் கையில் அவ்வாள் இல்லை. அவனும் கிருதவர்மனும் வாயிலில் நின்று, அஞ்சி ஓடிவந்தாரை, கைகூப்பினாரையும் விடாது வெட்டினர். பாசறைக்கு மூன்றிடத்துத் தீயும் இட்டனர்.

வீடணனோ கும்பகருணனோ பெரியன் என்று நம் பட்டிமண்டபங்கள் ஓயாது வழக்கிடுகின்றன. இருவரும் தமையனுக்கு அறம் உரைத்தவரே. ஒருவன் கேளாதானை விட்டு நீங்கினான். மற்றவன் விழித்து நின்ற பகைவரோடு பொருது மாண்டான். கிருபன் இவ்விரண்டும் செய்திலன். அவனைக் குறித்து வழக்கிடுவாரை நான் கண்டதில்லை. அசுவத்தாமனைக் கண்ணன் மூவாயிரம் ஆண்டு அலையச் சபித்தான். கிருபனைச் சபித்தார் எவருமிலர்.

அசுவத்தாமன் விடுத்த படையாற் கருவிலே பட்டு, கண்ணன் அருளால் உயிர் பெற்ற குழந்தை பரீட்சித்து. போர் முடிந்து 36 ஆண்டு கழிந்தபின், பாண்டவர் அரசு துறந்து புறப்பட்டபோது, தருமன் அவனை ஓர் ஆசிரியனிடம் மாணாக்கனாக ஒப்படைத்தான். அவ்வாசிரியன் கிருபன்.