கூந்தல் கயிற்றில் தொங்கும் இரும்பு

சிற்பம் என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை தஞ்சைப் பெரிய கோயிலின் கற்சிலைகளும் சுவாமிமலையில் வார்க்கப்படும் திருமேனிகளுமே. தலைமுடியும் சிற்பமாகும் என்பதை இவ்வாண்டு ஓவிய வகுப்பில்தான் அறிந்தேன். சிஸ்டர் காட்டிய படத்தைக் கண்டதும் எங்களில் பாதிப் பேர் "சீ!" என்று முகத்தைத் திருப்பிக் கொண்டோம். நானும்தான்.

இதை அமைத்தவர் ஷீலா கௌடா. 1957-ஆம் ஆண்டு கர்நாடக மாநிலம் பத்ராவதியில் பிறந்து, பெங்களூரில் வாழ்பவர். 2009-இல் இத்தாலியின் வெனிஸ் நகரில் நடைபெற்ற உலகக் கலைக் கண்காட்சியில் இது வைக்கப்பட்டது. பிறகு லண்டன் டேட் கலைக்கூடம் இதை வாங்கிக் கொண்டது. பெயர் 'பிஹோல்ட்'. வேதாகமத்தில் நாம் அடிக்கடி வாசிக்கும் 'இதோ' என்ற சொல்தான் அது.

ஓர் அறையின் சுவரிலும் தரையிலும் கருங்கயிறு சடையாகவும் சிக்கலாகவும் குவியலாகவும் கிடக்கிறது. அனைத்தும் மனிதரின் முடி! நீளம் ஏறத்தாழ 4,000 மீட்டர். நம் டேனிஷ் கோட்டை வாசலில் ஒரு முனையைக் கட்டி இழுத்தால் பொறையாறு வரை போய்விடும். அக்கயிறுகளில் பளபளக்கும் கார் பம்பர்கள் சுமார் இருபது தொங்குகின்றன.

முடிக்கும் பம்பருக்கும் என்ன தொடர்பு? கோயில்களில் நேர்த்திக்கடனாகக் கொடுக்கப்படும் முடியில் நீளமானது சவுரிக்கும் டோப்பாவுக்கும் விலையாகிறது. குட்டை முடியைக் கயிறாகத் திரிக்கிறார்கள். விபத்து நேராதிருக்கப் பெங்களூரில் அதை வண்டியின் பம்பரில் கட்டுவதுண்டு. நம் ஊர் லாரிகளில் கட்டும் திருஷ்டிக் கயிற்றைப் போல! ஆகவே ஷீலா கௌடா புதிதாக எதையும் கற்பனை செய்யவில்லை. தெருவில் கண்டதைப் பெரிதாக்கிக் காட்டினார், அவ்வளவே.

பின் ஏன் அருவருப்பு? தலையில் இருக்கும் வரை பூச்சூட்டுகிறோம். சோற்றில் ஒரு முடி விழுந்தால் தட்டையே தள்ளுகிறோம். இழிவுக்கு உவமை தேடிய வள்ளுவர்கூடத் தலையிலிருந்து விழுந்த முடியைத்தான் எடுத்தார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் தம்பி மூளைக்காய்ச்சலில் கிடந்தான். அவன் பிழைத்து எழுந்ததும் அம்மா வேளாங்கண்ணிக்குப் போய், இடுப்பு வரை தொங்கிய கூந்தலை மாதாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். திரும்பும்போது பஸ்ஸில் நான் அம்மாவின் அருகில் உட்காரவில்லை. காரைக்காலில் தோழிகள் யாரேனும் ஏறிவிடுவார்களோ என்ற வெட்கம். அம்மா ஒன்றும் கேட்கவில்லை.

சிஸ்டரிடம் அந்தப் புத்தகத்தை ஒரு நாள் இரவல் வாங்கி அம்மாவிடம் காட்டினேன். அம்மா "சீ" என்று சொல்லவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதுல எத்தனை பிள்ளைங்களோட காய்ச்சல் இருக்கோ!" என்றார்கள். பிறகு, "இவ்வளவு இரும்பையும் தாங்குதா?" என்று கேட்டார்கள்.

ஒரு தனி முடியே ஐம்பது கிராமுக்கு மேல் தாங்கும். ஆயிரக்கணக்கில் சேர்த்துத் திரித்தால் பம்பர் என்ன பெரிது! "தாங்கும்மா" என்றேன்.

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி