ஜன்ம வம்சமும் வித்யா வம்சமும்: கணினியில் வம்சாவளி தொகுக்கும் முறை

வம்சம் என்னும் சொல் பிறப்பால் தொடர்வதையும் வித்தையால் தொடர்வதையும் குறிக்கும். பாணினி சூத்திரங்களுக்கு உரையான காசிகை இவ்விரண்டையும் ஒருங்கே கூறுகிறது. நம் ஸம்ப்ரதாயத்தில் இவை ஒன்றோடொன்று பின்னியே வந்துள்ளன. ஆசார்ய புருஷர் திருமாளிகைகளின் ஓலைச்சுவடிகளிலும் குறிப்பேடுகளிலும் உள்ள வம்ச விவரங்களைக் கணினியில் ஏற்ற முற்படுவோர் முதலில் எதிர்கொள்ளும் இடர் இதுவே. வம்சாவளி மென்பொருள்கள் ஜன்ம வம்சத்தை அடிப்படையாகக் கொண்டு அமைந்தவை.

ஆளவந்தார் விஷயத்தில் இது தெளிவாகும். நாதமுனிகளின் திருக்குமாரர் ஈச்வரமுனிகள். அவர் திருக்குமாரர் ஆளவந்தார். ஆகவே ஜன்மத்தால் அவர் நாதமுனிகளுக்குப் பேரர், மூன்றாமவர். நாதமுனிகள், உய்யக்கொண்டார், மணக்கால் நம்பி, ஆளவந்தார் என்னும் உபதேச வரிசையிலோ நான்காமவர். இரு வரிசைகளுக்கும் தொடக்கமும் முடிவும் ஒன்றே. இடையில் நிற்போர் வேறு. மணக்கால் நம்பியைத் தந்தைக்குரிய இடத்தில் எழுதினால் ஈச்வரமுனிகள் மறைவார். எழுதாது விட்டாலோ, ஆளவந்தார் ஸம்ப்ரதாயத்தைப் பெற்ற வழியே மறையும். ஸ்தோத்ர ரத்னத்தின் முடிவில் அவர் நாதமுனிகளைப் பிதாமஹர் என்னும் முறையிட்டே குறிக்கிறார். ஆதலால் ஜன்ம ஸம்பந்தத்தையும் புறக்கணிக்கலாகாது.

எம்பெருமானாரிடத்தில் இப்பின்னல் மேலும் செறிவுடையது. பெரிய திருமலை நம்பி அவருக்குத் தாய்மாமன். ஸ்ரீராமாயணார்த்தம் அருளிய ஆசார்யரும் ஆவார். முதலியாண்டான் ஸஹோதரியின் குமாரர், சிஷ்யர். எம்பார் தாயின் தங்கை குமாரர், அவரும் சிஷ்யர். ஆளவந்தாரின் சிஷ்யர் ஐவரிடம் எம்பெருமானார் அர்த்தங்களைக் கேட்டார். ஒருவருக்குத் தந்தை ஒருவரே, ஆசார்யர் பலராகலாம். எனவே ஆசார்ய ஸம்பந்தத்தைப் பெற்றோருக்குரிய இடத்தில் அடக்குதல் இயலாது.

இதற்கு மென்பொருளிலேயே வழியுண்டு. வம்சாவளிக் கோப்புகளைப் பரிமாறும் கெட்காம் என்னும் வடிவம் 1984இல் தோன்றியது. பெற்றோர் உறவேயன்றி, ஒருவரை மற்றொருவரோடு வேறு முறையில் இணைக்கும் தொடர்புக் குறிப்பும் அதில் உண்டு. விலையின்றிக் கிடைக்கும் கிராம்ப்ஸ் மென்பொருளில் அத்தொடர்புக்கு நாமே பெயரிடலாம்; ஆதாரத்தையும் சேர்க்கலாம். ஸமாச்ரயணம், க்ரந்த காலக்ஷேபம் ஆகியவற்றைத் தனித்தனித் தொடர்புகளாகப் பதிக்க வேண்டும். ஸ்வீகாரம் நிகழ்ந்த இடத்தில் பெற்றவர், ஏற்றவர் இருவரையும் காட்டி, கோத்ரம் மாறியிருப்பின் அதையும் குறிக்க வேண்டும்.

அடுத்தது திருநாமமும் காலமும். பாட்டனார் திருநாமத்தைப் பேரனுக்குச் சாற்றும் வழக்கால் ஒரே பெயர் ஒன்றுவிட்ட தலைமுறைகளில் மீண்டும் வரும். ஒவ்வொருவருக்கும் தனி எண் கொடுத்து, ஊரையும் திருநக்ஷத்ரத்தையும் உடன் எழுதினால் மயக்கம் தீரும். அறுபதாண்டு வட்டமும் இத்தகையதே. எம்பெருமானார் திருவவதாரம் பிங்கள வருஷம், சித்திரைத் திருவாதிரை, அது 1017. பிங்களம் 957இலும் உண்டு, 1077இலும் உண்டு. கெட்காமில் நம் வருஷப் பெயர்களுக்கு இடமில்லை. ஆகவே சுவடியில் உள்ளவாறே சொல்லாக எழுதி, ஆங்கில ஆண்டை அருகில் தர வேண்டும். அவ்வாண்டு ஊகித்துக் கொண்டதாயின் ஊகம் என்றே குறிக்க வேண்டும்.

இவை எல்லாவற்றினும் இன்றியமையாதது ஆதாரம். ஒவ்வொரு நபருக்கும் ஓர் ஆதாரம் என்பது போதாது. ஒவ்வொரு ஸம்பந்தத்திற்கும் தனி ஆதாரம் வேண்டும். ஆறாயிரப்படி குருபரம்பரா ப்ரபாவமும் மூவாயிரப்படியும் வேறுபடும் இடத்தில் இரண்டையும் பதிக்க வேண்டுமேயன்றி ஒன்றை நீக்கலாகாது. திருமாளிகையில் வழங்கும் செவிவழிச் செய்தியும் அப்பெயராலேயே இடம்பெற வேண்டும்.

ஏடெழுதுவோன் பிழை ஓர் ஏட்டோடு நிற்கலாம். மற்றோர் ஏட்டைக் கொண்டு அதைத் திருத்தவும் கூடும். கணினிக் கோப்பின் பிழையோ படியெடுக்குந்தோறும் மாறாமல் பரவி, பல சாட்சிகள் உள்ளதுபோல் தோற்றும். எந்தத் திருமாளிகைக்கு எவ்வழியில் திருவடி ஸம்பந்தம், எந்தத் தனியனுக்குப் பின் எந்தத் தனியன் என்பன இவ்விவரங்களைப் பற்றியே நிற்கின்றன. ஆதலின் நிரம்பாத இடத்தை ஊகத்தால் நிரப்பாமல் வெற்றிடமாகவே விடுதல், பின்வருவோர் ஆராய்ந்து நிறைவு செய்ய இடமளிக்கும்.