எங்கே கிடைத்தாள் இந்தத் தேவி?

ரொறன்ரோ புளோர் வீதியிலுள்ள றோயல் ஒன்ராறியோ அருங்காட்சியகம் 1931இல் சிறு சிலை ஒன்றை வாங்கியது. யானைத் தந்தத்தில் செதுக்கிய பெண். இடையைப் பொன் கச்சை இறுக்கியிருக்கிறது. அதன் கீழே பாவாடைக்குப் பதில், ஆண் வீரர்கள் அணிவது போன்ற பொன் கோவணம். கிரீட் தீவின் நொசோஸ் அரண்மனையை 1900 முதல் அகழ்ந்து, மினோவன் நாகரிகத்தை உலகறியச் செய்த ஆர்தர் எவன்ஸ் இவளைக் கொண்டாடினார். பாயும் காளையின்மேல் தாவுகிறவர்களைக் காட்டும் சுவரோவியம் நொசோஸில் கிடைத்திருந்தது. நம் ஏறுதழுவுதலை நினைவுக்குக் கொண்டுவரும் காட்சி. அதில் வெள்ளை மேனியோடு இருப்பவர்கள் பெண்கள் என்பது எவன்ஸின் முடிவு. அந்தப் பெண்களுக்கு ஒரு காவல் தெய்வம் இருந்திருக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு இந்தத் தந்தச் சிலை அச்சொட்டாகப் பொருந்தியது. ‘விளையாட்டுகளின் அன்னை’ என்று அவளுக்குப் பெயரிட்டார்.

இன்று அவள் இருபதாம் நூற்றாண்டின் கைவேலையாகவே இருக்கக்கூடும் என்ற ஐயம் வலுத்துவிட்டது. மினோவன் பாம்புத் தேவிகளைப் பற்றிக் கென்னத் லபாட்டின் 2002இல் வெளியிட்ட நூல், சந்தை வழியாக மேற்கு நாடுகளுக்கு வந்த இத்தகைய சிலைகளை வரிசையாகக் கேள்விக்கு உட்படுத்தியது. எவன்ஸிடம் பழுதுபார்க்கும் வேலை செய்தவர்களே போலிகளையும் செய்துவந்தது அம்பலமான கதையை தொல்லியலாளர் லெனார்ட் வூலி தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். பழைய துண்டுகளைத் தினமும் தொட்டு ஒட்டியவர்களுக்கு, அறிஞர்கள் எதைக் கண்டால் மகிழ்வார்கள் என்பது நன்றாகவே தெரிந்திருக்கும்.

எவன்ஸின் கண்ணைக் குறை சொல்லிப் பயனில்லை. மினோவன் கலையை அவரளவுக்குப் பார்த்தவர் அன்று எவருமில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது: இந்தச் சிலை எந்தக் குழியில், எந்த மண்ணடுக்கில், எவற்றோடு கிடந்தது என்பதற்குப் பதிவே இல்லை. கிடைத்த இடம் தெரியாத பொருள் சான்றாக நிற்காது. பார்க்கிறவர் முன்பே நம்பியதை அவரிடமே திருப்பிச் சொல்லும். 1903இல் நொசோஸில் அகப்பட்ட பாம்புத் தேவிகளை இவளுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர்கள் தரைக்கு அடியில், கல் பாவிய குழிகளில் சங்குகளோடும் முத்திரைக் களிமண்ணோடும் உடைந்து கிடந்தார்கள். ஒருத்திக்குத் தலையே இல்லை. இன்று நாம் காணும் முகம் பின்னர் செய்து பொருத்தியது. ஆனாலும் அவர்கள் நமக்குப் பயன்படுகிறார்கள், ஏனெனில் எது கிடைத்தது, எது சேர்த்தது என்று பிரித்தறிய அகழ்வுப் பதிவு இருக்கிறது. ரொறன்ரோ தேவியிடம் எதைக் கழிப்பது, எதை வைத்துக்கொள்வது என்று சொல்ல ஒரு வரிகூட இல்லை.

அறிவியல் தீர்த்துவைக்காதா என்று கேட்கலாம். ரேடியோகார்பன் சோதனை அந்த யானை எப்போது இறந்தது என்று சொல்லும். உளி எப்போது பட்டது என்று சொல்லாது. பழைய தந்தத்தில் புதிதாகச் செதுக்கத் தடையில்லை. பொன்னில் சோதிக்கக் கார்பனே இல்லை. அழகு போதாதா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. அழகு தரும் மகிழ்ச்சி உண்மையானது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ‘கிரேக்கர் இப்படி வணங்கினர், ஆதிக் கிறிஸ்தவர் இப்படி நம்பினர்’ என்று பேசத் தொடங்கிய கணமே அழகு மட்டும் போதாமல் போகிறது. கிளீவ்லாந்து அருங்காட்சியகம் 1965இல் வாங்கிய, விவிலியத்து யோனாவின் பளிங்குச் சிலைகள் மூன்றாம் நூற்றாண்டின் அற்புதமான வேலை. பெரிய மீன் யோனாவை விழுங்குவதும் உமிழ்வதும் அத்தனை துடிப்போடு இருக்கும். அவை கல்லறைக்குச் செய்தவையா, செல்வர் வீட்டு நீரூற்றுக்கா என்பது இன்னும் முடிவாகவில்லை, கிடைத்த இடம் தெரியாததால். சிரியாவின் தூரா யூரோப்பொஸில் 1930களின் தொடக்கத்தில் வெளிப்பட்ட வீட்டுத் தேவாலயத்தின் சுவரோவியங்கள் கைத்திறனில் எளியவை. ஆனால் கி.பி. 256 அளவில் நடந்த முற்றுகைக்கு முன் நகர மதிலைப் பலப்படுத்தக் கொட்டிய மண் அவற்றை மூடியதால், அவை அதற்கு முந்தியவை என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. ஞானஸ்நானத் தொட்டியின் மேலேயே நல்ல மேய்ப்பன் இருந்தான் என்பதால் அவன் அங்கே எதற்கு என்பதும் விளங்குகிறது.

அருங்காட்சியகம் வாங்கியிராவிட்டால் யாரோ பணக்காரரின் வரவேற்பறையில் முடங்கியிருக்குமே என்பார்கள். கேள்வி கேட்காமல் கொடுக்கும் பணம்தான் அடுத்த குழியையும் தோண்ட வைக்கிறது, அடுத்த போலியையும் செய்ய வைக்கிறது. தமிழருக்கு இது தூரத்துச் செய்தியல்ல. பழைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் 1976இல் மண்ணிலிருந்து வெளிப்பட்ட நடராஜரை, 1982இல் லண்டனில் வாங்கியது கனடாவின் அல்பேர்ட்டாவைச் சேர்ந்த ஓர் எண்ணெய் நிறுவனம். விற்றவர் காட்டிய பூர்வீகம் பொய். லண்டன் நீதிமன்றத்தில் இரு தரப்புக் கலை வல்லுநர்களும் பாணியைப் பற்றி நாள்கணக்கில் வாதிட்டார்கள். அதோடு சிலையில் ஒட்டியிருந்த மண்ணையும் கறையான் தடத்தையும், பத்தூர்க் கோயில் வளாகத்தில் பின்னர் எடுத்த மற்றச் செப்புத் திருமேனிகளோடு ஒப்பிட்டார்கள். 1988இல் தீர்ப்பு கோயில் பக்கம் வந்தது. 1991இல் மேல்முறையீடும் தள்ளுபடியாகி நடராஜர் ஊர் திரும்பினார்.

எனவே ரொறன்ரோவில் பிள்ளைகளோடு கிரேக்க, ரோமக் கூடங்களுக்குப் போகிற நாம் ஒன்றைக் கேட்கலாம். ஒவ்வொரு பெயர்ப்பலகையிலும் காலத்தை அச்சிடும் அதே அளவு எழுத்தில், பொருள் கிடைத்த இடத்தையும் வாங்கிய ஆண்டையும் அச்சிடட்டும். இடம் தெரியாதென்றால் ‘தெரியாது’ என்றே அச்சிடட்டும்.