உடல் நலம் தேடிப் பயணம்

கேரளத்தில் கோட்டக்கல் என்று ஓர் ஊர் இருக்கிறது. பக்கத்து ரயில் நிலையம் திரூர். அங்கே இறங்குகிறவர்களைப் பாருங்கள். ஒரு பெரியவர் கைத்தடி ஊன்றி நடக்கிறார். பக்கவாதம் வந்த ஓர் அம்மாவை மகன் தாங்கிப் பிடித்து இறக்குகிறார். எங்கே போகிறார்கள்? ஆரிய வைத்தியசாலைக்கு. அதை 1902-ஆம் ஆண்டு பி.எஸ். வாரியர் என்னும் வைத்தியர் தொடங்கினார்.

இவர்கள் நோய் தீர வந்தவர்கள். வைத்தியர் முதலில் நோயை விசாரிக்கிறார். பிறகுதான் கஷாயம், எண்ணெய், பத்தியம். பிழிச்சில் என்று ஒரு சிகிச்சை உண்டு. இளஞ்சூடான எண்ணெயில் துணியை நனைத்து, உடம்பின் மேல் பிழிந்து தேய்ப்பார்கள். இது பல நாள் நடக்கும். அந்த நாட்களில் வெயிலில் அலையக் கூடாது. கண்டதைத் தின்னக் கூடாது. அலுப்பாகத்தான் இருக்கும். நோயாளி பொறுத்துக் கொள்கிறார்.

அதே கேரளத்தில் கோவளம் கடற்கரை இருக்கிறது. அங்கேயும் எண்ணெய் தேய்க்கிறார்கள். ஆனால் வருகிறவர்களில் பலருக்கு நோய் எதுவும் இல்லை. வேலைக் களைப்புத்தான். ஒரு மணி நேரம் எண்ணெய், பிறகு கடல் காற்று, நல்ல தூக்கம். இதில் தவறில்லை. நம் வீட்டு எண்ணெய்க் குளியல் மாதிரிதான். காசு மட்டும் பல மடங்கு!

மன அமைதி தேடிப் போகிறவர்களும் உண்டு. மகாராஷ்டிரத்தில் இகத்புரி என்னும் ஊரில் விபாசனா தியான நிலையம் இருக்கிறது. பயிற்சி 10 நாள். விடிகாலை 4 மணிக்கு மணி அடிக்கும். முதல் 9 நாட்கள் மற்றவர்களோடு பேசக் கூடாது. ஆசிரியரிடம் மட்டும் சந்தேகம் கேட்கலாம். கட்டணம் இல்லை. முன்பு பயின்றவர்கள் தரும் நன்கொடையில் நடக்கிறது. ஓய்வெடுக்க நினைத்து இங்கே வந்தவர் இரண்டாம் நாளே பெட்டியைக் கட்டுவார். கடுமையான மனநோய் உள்ளவர்களுக்கு இந்தப் பயிற்சி ஏற்றதல்ல. அவர்கள் மனநல மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

இடம் மாறிப் போனால் பணம் மட்டுமா போகும்? ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்று வைத்துக் கொள்வோம். எண்ணெய் தேய்த்தாலே சரியாகிவிடும் என்று விடுதியில் யாரோ சொல்கிறார்கள். அவர் அதை நம்பி மாத்திரையை நிறுத்துகிறார். சர்க்கரை ஏறுகிறது. காலில் ஒரு புண் வந்தால் ஆறாது. காலையே எடுக்க வேண்டி வரலாம்.

ஆகவே புறப்படும் முன் கேளுங்கள். அங்கே படித்த வைத்தியர் இருக்கிறாரா? மொத்தம் எத்தனை நாள், எவ்வளவு செலவு? இப்போது சாப்பிடும் மாத்திரைகளை என்ன செய்வது? இதை உங்கள் டாக்டரிடமும் கேளுங்கள். பழைய மருந்துச் சீட்டுகளைக் கையோடு கொண்டு போங்கள்.

கையில் காசு இல்லையே என்கிறீர்களா? கோட்டக்கல்லில் ஆரிய வைத்தியசாலை நடத்தும் தரும ஆஸ்பத்திரியும் இருக்கிறது.